ஒடியலும் ஐந்து புள்ளியும்

2007 டிசம்பரில், இலங்கையில், பதினோராம் ஆண்டு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையை எங்கள் கல்லூரி மண்டபத்தில் எழுதினேன். தமிழுக்கு ஏ. உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போனவனுக்கு அந்த ஏ அதோடு சரி. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு மூன்று உயர்தரப் பாடங்களின் இசட் புள்ளிதான் (சராசரியோடு ஒப்பிட்டுத் தரப்படுத்திய புள்ளி) கணக்கு. பொது ஆங்கிலம்கூட அதில் சேராது. தமிழ் படிப்பித்த சேர் சிவப்புப் பேனாவால் திருத்திய கொப்பிகளை வீட்டில் விட்டுவிட்டு 2009இல் மெல்பேர்ண் வந்தேன்.

பதினோராம் வகுப்புக்குப் பாடம் தெரிவு செய்யும்போது பாடசாலையில் வழிகாட்டியவர், "தெரிந்த மொழியை ஏன் படிக்கிறாய், இன்னொரு கணக்குப் பாடம் எடு" என்றார். அப்பாவும் அதையே சொன்னார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சந்தித்த ஓர் அக்காதான் கொப்பி ஒற்றையில் கணக்குப் போட்டுக் காட்டினா. விக்ரோரியா மாநிலத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கான தரவரிசையான ஏட்டாருக்கு (ATAR) ஆங்கிலமும், கூடப் புள்ளி வந்த மற்ற மூன்று பாடங்களும் முழுதாகச் சேரும். ஐந்தாவது, ஆறாவதில் பத்திலொரு பங்குதான். மொழிப் பாடமென்றால், பிள்ளைகள் அதைக் கைவிடக்கூடாதென்று, பாடங்களுக்கிடையே புள்ளிகளைச் சரிப்படுத்தி அளவிடும்போது அதன் சராசரியை 5 புள்ளி உயர்த்துகிறார்கள். பக்கத்து நியூ சவுத் வேல்ஸில் அப்படி நிலையான கூட்டல் இல்லை.

2010இல் விக்ரோரியாவின் பள்ளி இறுதிச் சான்றிதழான வி.சி.ஈ.யில் (VCE) தமிழ் எழுதினேன். ஒலிப்பதிவைத் தமிழில் கேட்டு ஒரு பகுதிக்கு ஆங்கிலத்தில் விடை எழுதவேண்டும். கேட்டதெல்லாம் விளங்கியது, ஆங்கிலத்தில் எழுதத்தான் கை ஓடவில்லை. கட்டுரையில் அந்தக் குறை இல்லை. ரகர றகரத்துக்கு சேரிடம் வாங்கிய ஏச்சு அத்தனையும் அன்றைக்குத்தான் பலித்தது.

வாய்மொழிப் பரீட்சைக்கு நான் எடுத்த பொருள் பனை. பரீட்சகர் இருவர். அவர்களில் ஒருவர் தமிழ்நாட்டுப் பேச்சில், "ஒடியல்னா என்ன?" என்று கேட்டார். பனங்கொட்டையைப் பாத்தி போட்டு முளைக்கவிட்டு, கிழங்கைக் கிண்டி எடுத்து, கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல் என்றேன். அம்மம்மா முற்றத்துப் பாயில் கிழங்கு பரப்பி, காகம் விரட்டத் தடியோடு இருந்ததையும் சொன்னேன். இருவரும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

என் நான்கு பாடங்களில் தமிழ் முதலாவதாக நின்றது, ஆங்கிலம் கடைசி. குடிசார் பொறியியலுக்கு இடம் கிடைத்தது.

இப்போது இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம், "அந்த அஞ்சு புள்ளிக்காகத் தமிழ் எடுக்க விடலாமோ?" என்று கேட்கிறார்கள். பதினோராம் வகுப்பில் வந்து எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அந்தக் கூட்டல் உதவாது. எனக்குப் பின்னால் பதினொரு வருடப் படிப்பு இருந்தது. சின்ன வகுப்பிலேயே கொண்டுவந்து விடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஊருக்குப் போனபோது சேரின் வீட்டுக்குப் போனேன். ஏட்டாரை எவ்வளவு விளக்கியும் அவருக்குப் பிடிபடவில்லை. "அங்கை தமிழிலை வினாத்தாள் அடிக்கினமோ?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் எழுதிய அதே 2010 வினாத்தாளை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்துக்குக் கதிரையை இழுத்து, கட்டுரைத் தலைப்புகளை ஒவ்வொன்றாக உரத்து வாசிக்கத் தொடங்கினார்.