போர்டு புதருக்குள் கிடந்தது

நாங்கள் ஆறு பேர். ஏறக்குறைய இரண்டு வருடம் ஒரே ட்ரெயிலில்தான், அதாவது ஒரே காட்டுப்பாதையில்தான், மவுண்டன் பைக் என்கிற மலைச் சைக்கிள் ஓட்டினோம், யாரிடமும் கேட்டதில்லை. யார் வெட்டிய பாதை என்றும் தெரியாது. சவாரிகளைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பில், நிறையப் பேர் போகும் பாதைகளைப் பளிச்சென்று காட்டும் ஹீட்மேப் வரைபடம் உண்டு, அதில் இந்தக் கோடு பளிச்சென்று இருந்தது, அது போதுமென்று இருந்துவிட்டோம். இத்தனை பேர் போகிறார்கள் என்றால் போகலாம் என்றுதானே அர்த்தம்? (இல்லை. இத்தனை பேர் கேட்காமல் போகிறார்கள், அவ்வளவுதான்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைவில் திரும்பினால் பாதை நடுவில் ஒரு பெரியவர் நிற்கிறார், ஒரு கையில் கம்பு, இன்னொன்றில் போன். முந்தின வாரம் யாரோ கேட்டைத் திறந்தபடியே விட்டுப்போக, இரண்டு கன்றுகள் வெளியே போய் ஒரு பகல் முழுக்கத் தேடியிருக்கிறார். "அது நாங்கள் இல்லை" என்றேன். உண்மையாகவே நாங்கள் இல்லை. "போர்டு எதுவும் இல்லையே ஐயா" என்று கூடவே சொன்னதுதான் தப்பு. ஒன்றும் பேசாமல் கூட்டிக்கொண்டு போய், புதருக்குள் கிடந்த போர்டைக் கம்பால் புரட்டிக் காட்டினார். ஆணியோடு பிடுங்கி எறிந்திருந்தார்கள். எங்கள் சைக்கிள்களைப் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த முறை போலீஸ்தான் என்றார். உருட்டிக்கொண்டே திரும்பினோம், ஏறி ஓட்ட மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து நில எல்லை வரைபடத்தின் மேல் எங்கள் ஜிபிஎஸ் தடத்தை வைத்துப் பார்த்தேன். நடுவில் சுமார் 400 மீட்டர் அவர் நிலம். மிச்சமெல்லாம் வனப்பகுதி, அதற்கு பெர்மிட் வேண்டும், அதுவும் எங்களிடம் இல்லை. ஆக ஒரே சவாரியில் இரண்டு தப்பு.

இதைக் குழுவில் சொன்னதும் ஒருவன் உடனே ஸ்காட்லாந்தைப் பேச்சுக்கு இழுத்தான். அங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அடுத்தவர் நிலத்திலும் சைக்கிள் ஓட்டலாமாம். உண்மைதான், ஆனால் பொறுப்பாக நடந்துகொள்கிறவர்களுக்குத்தான் அந்த உரிமை. கேட்டை எப்படிப் பார்த்தாயோ அப்படியே விட்டுவிட்டுப் போ என்பது அங்கேயும் விதி. நான் பதிலுக்கு கிங்டம் ட்ரெயில்ஸ் கதையைச் சொன்னேன். அமெரிக்காவின் வெர்மாண்டில் நில உரிமையாளர்கள் பலர் தரும் அனுமதியில் ஓடுகிற பெரிய ட்ரெயில் அமைப்பு அது. 2019 கடைசியில் அவர்களில் மூன்று பேர் எங்கள் நிலத்தில் இனி சைக்கிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், பலருக்கும் பிடித்த பாதைகள் அதோடு போய்விட்டன. முறைப்படி அனுமதி வாங்கி நடத்துகிறவர்களுக்கே அந்தக் கதி.

பெர்மிட் வாங்குவது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒன்றுமே இல்லை. எத்தனை பேர், எந்த நாட்கள், அடையாள அட்டை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, இவ்வளவுதான். எங்கே நுழைந்து எங்கே வெளியேறுவோம் என்று வரைபடத்தில் குறிக்காததால் ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள், பத்து நாளில் கையில் வந்துவிட்டது.

பெரியவர்தான் கஷ்டம். முதல் முறை போனபோது கதவே திறக்கவில்லை. இரண்டாவது முறை திண்ணை வரை விட்டார். நான் கன்றுக்குட்டி பற்றிப் பேசப்போகிறார் என்று மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தேன், அவர் கேட்டது வேறு: "தம்பி, உங்களில் ஒருத்தன் என் நிலத்தில் விழுந்து கழுத்தை ஒடித்துக்கொண்டால் யார் கோர்ட்டுக்கு அலைவது?" அவருடைய மரக்கட்டைகளையே அடுக்கி யாரோ சைக்கிளோடு பாய்ந்து தாண்ட ஒரு ஜம்ப் மேடை கட்டியிருந்தார்கள், அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு அதே பயம். எங்களில் ஒருவருக்கும் இது தோன்றியதே இல்லை. மூன்றாவது முறை போகும்போது, எங்கள் பொறுப்பில்தான் ஓட்டுகிறோம் என்று ஆறு பேரும் கையெழுத்திட்ட தாளையும், காப்பீட்டு நகல்களையும், ஒரு வக்கீல் பார்த்துத் திருத்திய ஒரு வருட ஒப்பந்தத்தையும் கொண்டுபோனோம்.

அவர் போட்ட நிபந்தனைகள்: ஜம்ப்பைப் பிரிக்க வேண்டும், மழை பெய்து ஈரம் காயும் வரை வரக்கூடாது, ஆறு பேருக்கு மேல் கூடாது, அந்தக் கோடு இணையத்தில் இருக்கக்கூடாது. கடைசியில் சொன்னதுதான் உயிரை வாங்கியது. எங்கள் பழைய சவாரிகளை எல்லாம் 'எனக்கு மட்டும்' என்று மாற்றினோம், செக்மென்ட்டை, அதாவது ஸ்ட்ராவாவில் யார் வேகம் என்று போட்டி போடும் அந்தப் பாதைத் துண்டை, ஆபத்தானது என்று குறித்தோம், அதனால் அதன் வேகப்பட்டியல் போயிற்று. அடுத்தவர்கள் பதிவேற்றியதை நாங்கள் என்ன செய்வது? அதை அவருக்குப் புரியவைக்கவே ஒரு மாலை ஆனது.

நிபந்தனையில் இல்லாத ஒரு வேலையையும் செய்தோம். சரிவில் நேராக இறங்கும் ஒரு துண்டு, தண்ணீர் ஓடி ஓடி முழங்கால் ஆழத்துக்கு ஓடையாகிவிட்டது. பாதையின் சாய்வு, அது கடந்துபோகும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று ட்ரெயில் வெட்டுகிறவர்கள் சொல்வார்கள். மீறினால் தண்ணீர் குறுக்கே கடக்காமல் பாதையிலேயே ஓடும். அந்தக் கணக்கில் பாதையைக் குறுக்காகத் திருப்ப இரண்டு ஞாயிறு மண்வெட்டி பிடித்தோம். பழைய பாதையை மூடும்போது அதன் நுழைவில் மட்டும் கிளை போட்டால் பிரயோஜனமில்லை, கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை போட வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

ஐந்து மாதம் நன்றாகப் போனது. அப்புறம் ஒரு மழை நாளுக்கு மறுநாள் போன் வந்தது. "சேற்றில் டயர் தடம் இருக்கிறது, உங்கள் ஆளா?" இல்லை ஐயா என்று சொல்லிவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். அந்த டயரின் பட்டன் அச்சை எனக்குத் தெரியும், எங்களில் ஒருவனுக்குப் போன மாதம் நான்தான் கூட இருந்து மாட்டிக்கொடுத்தேன். அதை அவரிடம் சொன்னேன். கேட்டில் சங்கிலி விழுந்து மூன்று வாரமாகிறது. இந்த ஞாயிறு அவனையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன், சைக்கிள் இல்லாமல்.