உப்பு வருமுன் மெழுகு

கார் மெழுகு டப்பாவின் மூடியில் ஒரு பனை மரம். உற்றுப் பார்த்தால் பனை இல்லை; ஆனால் அதே விசிறி ஓலை, அதே நிமிர்வு. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடையில், பனி சுரண்டும் தகடுகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் வளவின் வடலிகள் கண்ணுக்குள் வந்து நின்றன.

அந்த மரம் கார்னௌபா. பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி மாநிலங்களில் வளர்கிறது. மழையில்லாத மாதங்களில் ஈரம் வற்றிவிடாமல் தன் ஓலையின்மேல் தானே மெழுகு படரவிட்டுக்கொள்ளும். நீண்ட கம்பின் நுனியில் கத்தி கட்டி ஓலையை அறுத்து, வெயிலில் காயவைத்து, அடித்தால் மெழுகு தூளாக உதிரும். அதை உருக்கி வடிகட்டுவார்கள். 80 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் இளகும் அளவுக்குக் கெட்டி. ஓலையை நுங்குக்கும் கூழுக்கும் மடித்தவர்கள் நாம்; ஓலையிலிருந்து இப்படியும் ஒன்றைக் கறக்கலாம் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது.

இங்கே மெழுகு வெறும் அழகுக்கு இல்லை. முதல் பனி விழுந்ததும் ரொறன்ரோத் தெருக்களில் பனியை உருக்க உப்பைக் கொட்டத் தொடங்கிவிடுவார்கள். உருகிய உப்புநீர் கதவெல்லாம் தெறித்து, காய்ந்து, வெள்ளைக் கோடுகளாக நிற்கும். மெழுகு பூசிய உடம்பில் அந்த உப்பு இறுகப் பற்றாது, கழுவினால் இலகுவாகப் போய்விடும். காரின் அடிப்பாகத்துக்கு அது காவல் இல்லை. அதற்கு வேறு வைத்தியம். குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் மெழுகு சரியாகப் பரவாது, காயவும் மறுக்கும். ஆகவே ஒக்டோபரில், வாசல்தோறும் பூசணிக்காய் வைக்கும் நாட்களில், வேலையை முடித்தாக வேண்டும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, பழைய வேட்டித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். இத்தாலியிலிருந்து வந்து இங்கேயே முதுமையடைந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் வந்து, துணியை வாங்கி, அதன் ஓரத் தையலைப் பெருவிரலால் நெருடிப் பார்த்தார். “இது கோடு கிழிக்கும். இதைக் காரில் வைக்காதே” என்று சொல்லித் திருப்பித் தந்தார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குக் குத்தியது. வேட்டித் துணியைவிட மெதுவானது எது இருக்கிறது?

அப்பாவிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வராத காலத்தில் அது மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கிளப்புவதற்கு மட்டும் சில சொட்டுப் பெற்றோல். ஓடாத நாட்களிலும் அப்பா விடியற்காலையில் அதைத் துடைப்பார். வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து, பொனட்டில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. துடைத்த துணியை வேலியில் காயப்போட்ட பிறகுதான் தேநீர்.

அந்தக் காருக்கு அந்தத் துணி சரியாக இருந்தது. அதன் வர்ணம் தடிப்பானது; மங்கினால் திரும்பத் தேய்த்து மினுக்கிவிடலாம். இன்றைய கார்களின் வர்ணத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது, அச்சுத்தாளைவிட மெல்லியது. பளபளப்பெல்லாம் அதில்தான். கடினமான தையலும் ஒட்டிக்கொண்ட மணலும் அதில் விடும் கீறல்கள், வெயிலில் சிலந்திவலையாகத் தெரியும். பெரியவர் சொன்னதன் நியாயம் அதுதான்.

பூசுவதற்கு உள்ளங்கையில் அடங்கும் வட்டமான ஸ்பாஞ்ச் போதும். அதைச் சற்றே நனைத்துப் பிழிந்து, மெழுகில் ஒருமுறை ஒற்றினால் அரைக் கதவுக்குக் காணும். படலம் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். தடிப்பாக அப்பினால் துடைக்கக் கை ஓயும். கறுப்புப் பிளாஸ்டிக் ஓரங்களில் மெழுகு பட்டால் வெள்ளையாகத் தங்கிவிடும் என்பதால் அங்கே ஸ்பாஞ்சின் விளிம்பால் மட்டும் போகிறேன்.

துடைப்பதற்குத்தான் துணியைத் தேடித் தேடி வாங்குகிறேன். மைக்ரோஃபைபர் என்ற நுண்ணிய செயற்கை இழைத் துணியில், நூற்றுக்குப் பொலியெஸ்ரர் 80, பொலியமைட் 20 என்ற கலவையைவிட 70க்கு 30 என்பது கைக்கு மெதுவாக இருக்கிறது. ஓரத் தையலே இல்லாமல் வெட்டியவை கிடைக்கின்றன, அவற்றையே எடுக்கிறேன். மேலே ஒட்டியிருக்கும் சீட்டை முதலில் நீக்கிவிட வேண்டும். மயிர் குட்டையான துணி, காய்ந்த மெழுகை எடுக்க; மயிர் நீண்ட துணி, கடைசி மினுக்குக்கு. நாலாக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அடைந்ததும் அடுத்த பக்கம். மெழுகு காய்ந்ததா என்று பார்க்க விரலால் ஓர் இழுப்பு: இழுத்த இடம் தெளிவாக மின்னினால் எடுக்கலாம், மங்கலாக இழுபட்டால் பொறுக்க வேண்டும். தரையில் விழுந்த துணி மறுபடி காரைத் தொடக்கூடாது. இதில் என் மகனிடம்கூட நான் இரக்கம் காட்டுவதில்லை.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. குப்பை எடுக்கும் கிழமை தெரியும், பனிக்கால டயர் மாற்றும் காலம் தெரியும், பெரியவருடன் தக்காளிக் கன்றைப் பற்றி ஒரு மணி நேரம் கதைக்க முடியும். ஆனாலும் பொனட்டைத் துடைக்கும்போது என் கை மேலிருந்து கீழாகத்தான் இழுக்கிறது. எங்கிருந்தோ மண்ணெண்ணெய் மணக்கிறது. “தண்ணி போதும், பிழிஞ்சு துடை” என்று அப்பாவின் குரல் கேட்கிறது, நான் பிழிகிறேன்.

சின்னம்மாவின் மகன் புதிதாக வந்து பிரம்டனில் இருக்கிறான்; பழைய கொரொலா ஒன்று வாங்கியிருக்கிறான். நேற்றுத் தொலைபேசியில், “அண்ணா, எந்த மெழுகு நல்லது?” என்று கேட்டான். மெழுகு எதுவானாலும் பரவாயில்லை, துணியை நல்லதாக வாங்கு என்றேன். வாங்கியவற்றை மற்ற உடுப்புகளோடு போடாமல் தனியாகத் துவைக்கவும், துணி மென்மையாக்கும் திரவம் ஒரு துளியும் விடாமல் குறைந்த சூட்டில் உலர்த்தவும் சொன்னேன். அந்தத் திரவம் நூலின்மேல் படிந்தால் துணி மெழுகை எடுக்காது, இழுத்துக்கொண்டுதான் திரியும். ஞாயிற்றுக்கிழமை வெயில் இருக்குமாம். அவனை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். கராஜ் நிழலில் இரண்டு காரையும் ஒன்றாகச் செய்துவிடலாம்.