பன்னிரண்டு சீட்டு: 2025 மே, ஜூன்

மே 14, புதன்

அப்பாவுக்குச் சொட்டு மருந்து இன்று முதல் ஐந்து வேளை. நேற்று வரை ஆறு. மறக்காமல் இருக்க பிரிட்ஜ் கதவில் பென்சிலால் கோடு போட்டு வருகிறேன். வலது கண் ஆபரேஷன் ஆயிற்று. இடது கண்ணுக்கு "கூப்பிடுவோம்" என்றிருக்கிறார்கள்.

கடையில், அதாவது நம் பன்னிரண்டு சீட்டு 3டி கொட்டகையில், நாலு ஷோ. கடைசி ஷோவில் மூன்று பேர், அதில் ஒருவர் தூங்கிவிட்டார். சீட்டு அந்த ஆட்டு ஆட்டுகிறது, எப்படித்தான் தூக்கம் வந்ததோ.

மே 16, வெள்ளி

காரைக்குடியிலிருந்து வந்த ஒரு பையன் வெளியே வந்ததும் அவன் அப்பாவிடம் சொன்னான்: "போன தடவையும் இதே படந்தாம்ப்பா." போன தடவை என்பது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அதை ஞாபகம் வைத்திருக்கிறானே என்று சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா?

சுரங்கத்துக்குள் தள்ளுவண்டி ஓடுகிற அதே படம்தான். ஆறரை நிமிடம். வௌவால், பாலம் உடைவது, கடைசியில் அருவி. 2017இல் கடை போட்டபோது மிஷினோடு வந்தது. மாற்றியே ஆகவேண்டும் என்று மச்சான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர் நாலு படத்துக்கும், அதற்கேற்ப சீட்டை ஆட்டும் புரோகிராமுக்கும் சேர்த்து 2,80,000 கேட்கிறார்.

ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபில் மப்பெட் பொம்மைகளின் அந்த 3டி ஷோவையே மறுபடி பார்த்தேன். அமெரிக்காவில் ஆர்லாண்டோவின் டிஸ்னி பூங்காவில் அதை அடுத்த மாதம் மூடுகிறார்கள். திறந்தது 1991 மே 16. அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால், 1990 மே 16 அன்றுதான், அந்தப் பொம்மைகளைச் செய்த ஜிம் ஹென்சன் இறந்தார். கடைசியாக அவர் கை வைத்த வேலைகளில் அதுவும் ஒன்று. இன்றைய தேதிதான். யாரிடம் போய் இதைச் சொல்ல?

மே 17, சனி

கரண்ட் மூன்று மணி நேரம் இல்லை. சனிக்கிழமை பார்த்துத்தான் போகும்.

மே 19, திங்கள்

கச்சான் காற்று. கதவைத் திறந்து மூடுவதற்குள் மணல் உள்ளே வந்துவிடுகிறது. கம்ப்ரெஸர் மேல் உப்புப் படிந்து, விரலால் தொட்டால் நாக்கில் வைத்துப் பார்க்கலாம் போல இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது செந்தோசாவில் பார்த்த ஷ்ரெக் படத்தால்தான். கழுதை தும்மும், முகத்தில் தண்ணீர் அடிக்கும். என்னோடு வந்த அறந்தாங்கிக்காரர் நிஜமாகவே கழுதையைத் திட்டினார். அதே ஷோ புளோரிடாவில் 2003 முதல் ஓடியது. 2022 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அங்கேயே டெர்மினேட்டர் ஷோ 1996இல் தொடங்கி 2017இல் போயிற்று. பூச்சிப் படம் 1998 முதல், இந்த மார்ச்சில்தான் போயிற்று. அதில் சீட்டே முதுகில் குத்தும், நாற்றம் வேறு விடுவார்கள். பெரிய ஆட்களே இப்படி ஒவ்வொன்றாகக் கழற்றும்போது நான் ஏன் ஒரு தள்ளுவண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்பது மச்சானின் கேள்வி.

என் பதில்: எப்காட் என்று ஒரு பூங்கா, அதில் பிரான்ஸ் அரங்கு, அதில் ஒரு பதினெட்டு நிமிடப் படம். 1982இல் பூங்கா திறந்த நாளிலிருந்து அதே படம். இடையில் அந்த அரங்கில் வேறொரு பாட்டுப் படத்தையும் சேர்த்துப் போட்டார்களே தவிர இதைத் தூக்கவில்லை.

மச்சான் கேட்டார்: "அதுல ஏதாவது ஆடுதா?"

ஆடவில்லை. ஊரைக் காட்டுகிறார்கள், பின்னால் இசை. அவ்வளவுதான். நானும் 1982தான்.

மே 22, வியாழன்

அப்பாவிடம் கேட்டிருக்கக் கூடாது.

அவர் உச்சிப்புளிப் பக்கம் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். ஒரே புரொஜெக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. "படம் பழசாயிருச்சு, மாத்தலாமாப்பா?" என்றேன். பழைய ஆள், வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

"வாரம் ரெண்டு படம் மாத்துவோம். எட்டு வருசமா ஒரே படம் ஓட்டுறியா? கல்லெடுத்து எறியாம இருக்கானுவளே, அதுவே பெருசு."

அப்புறம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடி வேட்டியைப் பார்த்தார். அடுத்த கண்ணை மூடி மறுபடி வேட்டியைப் பார்த்தார். நாள் முழுக்க இதுதான் வேலை. வலது கண்ணில் வேட்டி வெள்ளையாம், இடது கண்ணில் டீ கொட்டின மாதிரியாம். நேற்று பாலத்தைக் கடக்கும்போது கடலைப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஊதாவாகவா இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டார். கண்ணுக்குள் இருந்த லென்ஸ் பழுத்துப்போனால் ஊதாதான் முதலில் குறையும் என்று நர்ஸம்மா சொன்னார்கள். மெதுவாகக் குறைவதால் குறைகிறது என்றே தெரியாதாம்.

மே 25, ஞாயிறு

பதினாறு ஷோ! இந்த சீசனில் இதுதான் அதிகம். புதுப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் அப்படியே தனுஷ்கோடிக்கும் வருகிறார்கள். திரும்பும்போது பிள்ளைகள் நம் போர்டைப் பார்த்து அடம் பிடிக்கிறார்கள்.

கதவை ஒட்டி நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். படம் தொடங்கி இரண்டே கால் நிமிடத்தில் எலிவால். அது நாங்கள் வைத்த பெயர். சீட்டுக்கு அடியில் தொங்கும் ஒரு சாண் ரப்பர் குழாய்தான். காற்று பாய்ந்ததும் துள்ளிக் கணுக்காலில் அடிக்கும். திரையில் வெறும் இருட்டுதான் இருக்கும், எலியே கிடையாது. ஆனால் காலில் பட்டதும் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். எட்டு வருஷத்தில் ஒரு ஷோ தவறியதில்லை. சேலை கட்டியவர்கள் மட்டும் கொஞ்சம் தாமதமாகக் கத்துவார்கள்.

இதைத்தான் மச்சானுக்குப் புரியவைக்க முடியவில்லை. எலியைப் படத்தில் எடுத்தவன் யாரும் இல்லை. படம் பாதி, கொட்டகை பாதி. மப்பெட் ஷோவும் அப்படித்தான்: மாடத்தில் இரண்டு கிழட்டுப் பொம்மைகள் உட்கார்ந்து படத்தைக் கிண்டலடிக்கும், ஒரு பெரிய ரோமப் பொம்மை நிஜமாகவே அரங்குக்குள் நடந்து வரும், மேலேயிருந்து சோப்புக் குமிழி விழும். அதை இடிக்கும்போது படத்தையா இடிக்கிறார்கள்?

வண்டி குலுங்கி நின்றது, கதவு திறந்தது. ஒரு பெரியம்மா செருப்பைத் தேடிக்கொண்டே, "படம் ஏன்யா மங்கலா இருக்கு?" என்றார். வெயிலிலிருந்து உள்ளே போனால் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

மே 27, செவ்வாய்

கோயம்புத்தூர்க்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். திண்ணையில் லேப்டாப்பைத் திறந்து டைனோசர், பேய் பங்களா, விண்வெளி எல்லாம் காட்டினார். பரவாயில்லை. கடைசியில், "உங்களுக்குன்னே ஸ்பெஷலா ஒண்ணு யோசிச்சிருக்கேன் சார்" என்றார்.

தனுஷ்கோடிப் புயல்.

"ரயில் கெளம்புது சார். காத்து. ரெண்டு ஃபேன் வச்சிருவோம். அலை வரும்போது தண்ணி அடிக்கிறோம். சீட்டை நாப்பது டிகிரி சாய்க்கிறோம். ஊரே பேசும்."

அப்பா கயிற்றுக் கட்டிலில் கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம்.

"தண்ணி உப்பா இருக்குமா?" என்றார்.

"சேச்சே, மினரல் வாட்டர்தாங்க ஐயா" என்றார் அவர்.

1964 டிசம்பர் 22 ராத்திரி. அப்பாவுக்கு எட்டு வயது. அந்த ரயிலில் மட்டும் நூறு பேருக்கு மேல். சின்ன அத்தை ரயிலில் இல்லை, வீட்டில்தான் இருந்திருக்கிறார். அப்பா இதுவரை எங்களிடம் சொன்னது அவ்வளவுதான்.

கோயம்புத்தூர்க்காரர் போனபிறகு மச்சான், கூட்டம் வரும் என்பதென்னவோ நிஜந்தானே என்றார். நிஜந்தான். அந்த இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் செல்பி எடுக்க வருகிறவர்களை நம்பித்தான் நானும் கடை போட்டிருக்கிறேன். அதை நினைத்ததும் வாயடைத்துப் போயிற்று.

மே 28, புதன்

அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை. சொட்டு மட்டும் போட்டுக்கொண்டார்.

மே 30, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து போன் இல்லை.

மைக்கேல் ஜாக்சனை வைத்து டிஸ்னி பூங்காக்களுக்காக 1986இல் ஒரு 3டி படம், கேப்டன் ஈஓ. தயாரிப்பில் ஜார்ஜ் லூகாஸ், டைரக்‌ஷன் கொப்போலா. பதினேழு நிமிடம். பழசாகிவிட்டது என்று தூக்கினார்கள். 2009இல் ஜாக்சன் இறந்தார். 2010இல் அதே பழைய படத்தைத் தூசி தட்டித் திரும்பப் போட்டார்கள். கூட்டம். இதை மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அப்ப நம்ம வௌவால் செத்ததும் போடுவோம்" என்று பதில் வந்திருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

அப்பாவைக் கடைக்குக் கூட்டிப்போனேன். அவரேதான் கேட்டார், மூன்று வாரம் ஆகிவிட்டதல்லவா. முன்வரிசை வால்வை மூடிவிட்டேன், கண்ணில் தண்ணீர் பட்டுவிடக் கூடாது. அவர் சீட்டை ஆடாமல் பூட்டிவிட்டேன். எலிவால் மட்டும் இருக்கட்டும் என்று விட்டேன்.

கத்தவில்லை. காலைக் கூட எடுக்கவில்லை. படம் ஓட ஓட ஒரு கண்ணை மூடுவதும் மறு கண்ணை மூடுவதுமாகவே இருந்தார். அப்படிப் பார்த்தால் 3டி தெரியாதுப்பா, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு படம் போகிறது, இரண்டையும் திறந்தால்தான் ஆழம் தெரியும் என்றேன்.

"அது தெரியும்டா. குட்டிச்சாத்தான் நாளையிலயே தெரியும்." (1984. கண்ணாடி மூலமாக மெட்ராஸ் ஐ பரவுகிறது என்று அப்போது ஒரே பேச்சு. அந்தப் படத்தை எடுத்த அப்பச்சன்தான் பின்னால் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவைக் கட்டினார்.)

"எடது பக்கம் மஞ்சளா இருக்கு" என்றார்.

"அது இன்னும் ஆபரேஷன் பண்ணாத கண்ணுப்பா."

"எங் கண்ணா, உம் மிஷினா? நீ பாரு."

கண்ணாடியை வாங்கிப் போட்டு வலது கண்ணை மூடினேன். சுரங்கம் மூத்திர நிறத்தில் இருந்தது. இடது கண்ணை மூடினேன். வௌவாலின் பல் தெரிந்தது. எட்டு வருஷமாக இந்தப் படத்தை ஓட்டுகிறேன், வௌவாலுக்குப் பல் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது.

மேலே இரண்டு புரொஜெக்டர், ஒரு கண்ணுக்கு ஒன்று. இடது புரொஜெக்டரின் விளக்கு செத்துக்கொண்டிருக்கிறது. அதன் முன்னால் இருக்கும் பில்டர் தகட்டில் வேறு உப்பு மூடுபனி மாதிரிப் படிந்திருக்கிறது. துடைத்த துணி சாம்பல் நிறமாயிற்று. அந்தப் பெரியம்மாவிடம் வெயில் என்று சொன்னேனே.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஒரு ஷோ. இரண்டு பேர்.

ஜூன் 5, வியாழன்

விளக்கு ஆர்டர் போட்டேன், ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒன்றுதான். இரண்டு வாங்கக் கையில் இல்லை.

மச்சானோடு சண்டை. பம்பாயில் மராத்தா மந்திர் தியேட்டரில் 1995 முதல் ஒரே படம் ஓடுகிறதே என்றேன். "அது ஷாருக்கான், மாப்ள. இது வௌவால்." சிரித்துவிட்டேன், அதனால் சண்டை முடிந்ததா தோற்றதா தெரியவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, காரைக்குடிப் பையன் மூன்றாவது தடவை வரமாட்டான். ஆனால் புதுசு என்பதாலேயே நன்றாக இருந்துவிடாது. டிஸ்னியில் சோரின் என்று ஒன்று, தொங்கிக்கொண்டே பறந்து பார்ப்பது. 2016இல் அதற்குப் புதுப்படம் போட்டார்கள். ஓரத்துச் சீட்டில் உட்கார்ந்தால் ஈபிள் கோபுரம் வாழைப்பழம் மாதிரி வளைந்து தெரிகிறது. பழைய படத்தை அவ்வப்போது கொஞ்ச நாளுக்குத் திரும்பப் போடுகிறார்கள், அதற்கென்றே ஆட்கள் போகிறார்கள்.

புயல் படம் வேண்டாம் என்று மட்டும் இருவரும் ஒத்துக்கொண்டோம். மச்சான்தான் முதலில் சொன்னார்.

ஜூன் 7, சனி

பக்ரீத். கீழக்கரை, தேவிபட்டினம் பக்கமிருந்து வேன் வேனாகக் குடும்பங்கள். பதினொரு ஷோ. அத்தர் வாசனையில் சுரங்கமே மணத்தது.

ஆர்லாண்டோவில் இன்று மப்பெட் கடைசி நாள். மான்ஸ்டர்ஸ் இங்க் பொம்மைகளுக்கு இடம் வேண்டுமாம். ராத்திரி அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து போனில் அந்த வீடியோவைக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, பொம்மைகளும் பிடிக்கவில்லை. ஆனால் அரங்கின் பின்பக்கம் புரொஜெக்டர் அறை தெரிந்து, அதற்குள் ஒரு சமையல்காரப் பொம்மை படம் ஓட்டுவதைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஆபரேட்டரக் காட்டுறான்டா!" அது கோபம் வந்து திரையைப் பார்த்துப் பீரங்கியால் சுடும். நாலு தடவை ஓட்டச் சொன்னார். நாலு தடவையும் இடது கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தார்.

ஜூன் 9, திங்கள்

போன் வந்துவிட்டது. வியாழக்கிழமை. முந்தின நாளே வந்து சேரச் சொல்கிறார்கள்.

பார்சலும் வந்துவிட்டது.

ஜூன் 11, புதன்

விடியற்காலை மூன்றரை. வேன் நாலு மணிக்கு. பை கட்டியாயிற்று: வேட்டி இரண்டு, போர்வை, பிளாஸ்க், பழைய சொட்டு மருந்துச் சீட்டு.

நேற்று ராத்திரி கடையைச் சாத்தியபிறகு விளக்கைப் போட்டேன். இடது பக்கம் பளீரென்று வந்துவிட்டது. சுரங்கத்தின் சுவரில் ஈரம் தெரிகிறது, தண்டவாளத்தில் ஆணி தெரிகிறது. இரண்டு கண்ணையும் திறந்து முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தேன், எலிவாலுக்கு நானே துள்ளினேன். அப்புறம் அப்பா மாதிரி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இப்போது வலது பக்கம் மங்கல்.

அதற்கும் ஒன்று சொல்லவேண்டும், மச்சானிடம் எப்படிக் கேட்பது என்று வேன் ஹாரன் அடிக்கிறது