அம்பாசடரும் எலுமிச்சை உப்பும்

கடலூர் உப்புக்காற்றில் 10 வருஷம் சும்மா நின்ற அப்பாவின் அம்பாசடரில் பிரேக் டிரம், பிராக்கெட் எல்லாம் துருப்பிடித்து செம்மண் கட்டி மாதிரி ஆகிவிட்டன. மஞ்சக்குப்பத்தில் அரை கிலோ எலுமிச்சை உப்பு, அதாங்க சிட்ரிக் ஆசிட், வாங்கி 10 லிட்டர் வெந்நீரில் கரைத்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் தண்ணீர் கலங்கிப்போய், இரும்பு சாம்பல் நிறத்தில் வெளியே வந்தது. சந்தோஷத்தில் அலசி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனதுதான் தப்பு, திரும்பி வருவதற்குள் ஈர இரும்பில் மறுபடி ஆரஞ்சுப் பொடி! எடுத்ததும் சலவை சோடா தண்ணீரில் முக்கி, துடைத்துக் காயவைத்து, உடனே (டிரம்மில் பிரேக் உரசும் உள்பக்கம் தவிர) எண்ணெய் தடவ வேண்டும், இந்த ஊர்க் காற்று காத்திருக்காது. அப்புறம், அலுமினியப் பாகங்களை அதில் போட்டுவிடாதீர்கள், அரித்துவிடும். ஸ்பிரிங்கும் வேண்டாம், கடினமாக்கிய எஃகு அமிலத்தில் ஹைட்ரஜனை உறிஞ்சி பிறகு பட்டென்று உடையலாம். அம்மா இன்னும் துணி ஊறவைக்கும் பக்கெட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.