சின்னவன் தொடையில வந்த கட்டி

மொதல்ல கொசுக்கடின்னு தான் நெனச்சேன். சின்னவனுக்கு ஆறு வயசு, தொடையில சிவப்பா ஒரு புள்ளி, ரெண்டே நாள்ல எலுமிச்சம்பழம் சைஸுக்கு வீங்கி தொட்டாலே கத்துறான். அத்தை மஞ்சள் அரைச்சு பத்து போட்டாங்க, நான் மெடிக்கல்ல கேட்டு அமாக்ஸிசிலின் சிரப் வாங்கி நாலு நாள் குடுத்தேன் (திட்டாதீங்க, டாக்டர் ஏற்கனவே திட்டியாச்சு). ஒண்ணும் கேக்கல.

டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியைக் கீறி சீழ எடுத்து, அதுல கொஞ்சம் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி, எந்த மருந்து கேக்கும்னு லேப்ல வளத்துப் பாக்குற டெஸ்ட்) அனுப்பினாரு. சீழ் கட்டிக்கு கீறி விடுறது தான் முக்கிய வைத்தியமாம், உள்ள சீழ் தேங்கி இருந்தா மாத்திரை மருந்து ஒழுங்கா போய்ச் சேராது.

மூணு நாள்ல ரிசல்ட் வந்துச்சு, எம்ஆர்எஸ்ஏ. தோல்ல கட்டி வர வைக்கிற சாதா ஸ்டாஃப் (ஸ்டாஃபைலோகாக்கஸ்) கிருமி தான், ஆனா மெத்திசிலின்ங்கிற பென்சிலின் வகை மருந்துக்கு அடங்காத ரகம். அந்த மருந்து வந்ததே 1959ல, 1961லயே இங்கிலாந்துல இந்த ரகத்த கண்டுபிடிச்சுட்டாங்க! பென்சிலின் வகையறா போய் ஒட்டிக்கிற புரதத்துக்கு பதிலா, சரியா ஒட்ட முடியாத வேற ஒண்ண இந்தக் கிருமி செஞ்சு வச்சுக்குது, அப்புறம் அதே வகையறாவான என் அமாக்ஸிசிலின் சிரப் எங்க கேக்கும்.

கிளிண்டாமைசின்னு வேற வகை ஆன்டிபயாடிக் குடுக்கலாம்னு பாத்தா ரிப்போர்ட்ல 'டி டெஸ்ட் பாசிட்டிவ்'னு இருக்கு. லேப்ல கிருமி வளக்குற தட்டுல கிளிண்டாமைசின் வில்லைக்குப் பக்கத்துல எரித்ரோமைசின்ங்கிற இன்னொரு மருந்து வில்லைய வச்சா, கிளிண்டாமைசின சுத்தி கிருமி வளராத வட்டம் ஒரு பக்கம் சப்பையாகி இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி ஆயிடுமாம், அப்படின்னா வைத்தியம் நடக்கும்போதே கிருமி அதையும் எதிர்க்க ஆரம்பிக்கலாம். அதனால சல்ஃபா அலர்ஜி உண்டான்னு கேட்டுட்டு சல்ஃபா கலந்த கோட்ரைமாக்ஸசோல் சிரப் எழுதினாரு.

அடுத்த வாரமே வீட்டுக்காரருக்கு அக்குள்ல அதே மாதிரி கட்டி! அவருக்கும் கீறி விட்டு டாக்ஸிசைக்ளின் குடுத்தாங்க. அத ஏன் பையனுக்கு குடுக்கலன்னு கேட்டேன், எட்டு வயசுக்குள்ள அந்த வகை மருந்துல பல்லு கறையாகலாம்னு பாத்து தான் குடுப்பாங்களாம். காய்ச்சல் வந்தாலோ சிவப்பு வேகமா பரவினாலோ ஒடனே வாங்க, அட்மிட் பண்ணி வான்கோமைசின் டிரிப்ஸ்ல ஏத்தணும்னாரு. நல்லவேளை அது வரைக்கும் போகல.

ரெண்டு பேரும் ஒரே துண்டுல தொடச்சிருக்காங்க, நானும் பாத்துட்டு தான் இருந்திருக்கேன். இப்ப ஆளுக்கொரு துண்டு. இந்தக் கிருமி மூக்குக்குள்ள சத்தமில்லாம குடியிருக்குமாம், அதனால எல்லாருக்கும் அஞ்சு நாள் ரெண்டு வேளை மூக்குக்குள்ள மியூபிரோசின் ஆயின்ட்மென்ட். சின்னவன் கூட சமத்தா காட்டிட்டான், அத்தையோட மூக்குத்திய கழட்ட வைக்கத்தான் ஒரு நாள் பூரா கெஞ்ச வேண்டியதா போச்சு.