பிக்கப்புக்கு ரிவர்ஸ் கேமரா, இரண்டாவது தடவையாக

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் ஊரின் வடகடல் பக்கம் விடியற்காலையில் மீன் ஏற்றப் போகிறவர்களுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் வண்டியை ரிவர்ஸ் எடுப்பது எவ்வளவு பதற்றம் என்று. ஐஸ் பெட்டிகளை அடுக்கிவிட்டால் உள் கண்ணாடியில் ஒன்றுமே தெரியாது. போன வருடம் ஒரு நாள், வலையில் நண்டு எடுத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்த ஓர் அக்காவுக்கு ஒரு முழம் பக்கத்தில் போய் நின்றேன், அதுவும் யாரோ "நிறுத்துப்பா!" என்று கத்தியதால். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. அன்றைக்கே கேமரா போடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நம்பர் பிளேட் மேல் ஒட்டுகிற சின்னக் கேமரா மலிவுதான், ஆனால் பெட்டி இறக்கும்போது இடித்துவிடும். பின் டோர் கைப்பிடியோடு சேர்ந்தே வருகிற கேமராவை வாங்கினேன். பழைய கைப்பிடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டலாம், கம்பெனியில் போட்டு வந்தது மாதிரியே இருக்கும். ஒரு கடையில் ஒரு மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தார்கள், படமும் நன்றாக வந்தது.

இரண்டரை மாதம்தான். கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கியதும் ஸ்டீரியோ திரையில் கோடு கோடாக ஓடியது, அப்புறம் வெறும் நீலம். கேமரா போய்விட்டது என்று நினைத்து ரிவர்ஸ் லைட் பக்கத்து இணைப்பைப் பிரித்தால், வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள், உள்ளே செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு, தொட்டதும் உதிர்ந்தது. எர்த் கொடுத்திருந்த போல்ட்டும் துரு. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்போதைக்கு ஒட்டுப்போட்டு ஓட்டினேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வண்டிக்கு வேலை குறைவு, அப்போது உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து நானே செய்தேன். எல்லா இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற குழாய்) போட்டு மூடினேன். எர்த்தை அந்தத் துருப்பிடித்த போல்ட்டில் கொடுக்காமல் ரிவர்ஸ் லைட்டின் கறுப்பு வயரிலேயே சேர்த்தேன். பின் டோர் கீல் பக்கம் வயரைக் கொஞ்சம் தளர்வாக வளைத்து விட வேண்டும், இழுத்துக் கட்டினால் டோர் திறந்து மூடி உள்ளே கம்பி அறுந்துவிடும். அங்கிருந்து பழைய வயரிங்கோடு சேஸில் கட்டி, கேபினுக்குள் ரப்பர் வழியாக நுழைத்து, ஸ்டீரியோ பின்னால் மஞ்சள் பின்னைச் செருகினேன். கூடவே வருகிற மெல்லிய சிவப்பு வயரை மறந்துவிடாதீர்கள், ரிவர்ஸ் கியர் போட்டதும் திரையைத் தானாகக் கேமராவுக்கு மாற்றச் சொல்வது அதுதான்.

தூரம் காட்டத் திரையில் வருகிற கோடுகளை அப்படியே நம்பவில்லை, நம் வண்டி உயரத்துக்கு அது சரியாக வராது. பின்னால் ஒரு மீட்டரில் கயிறு போட்டு, அது எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு கச்சான் முழுக்க ஓட்டிவிட்டேன், படம் ஆடவே இல்லை. லென்ஸில் உப்பு படிந்து மங்கும், காலையில் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் ஒரு துடைப்பு போதும். பின் டோர் திறந்து கிடந்தால் கேமரா தரையைத்தான் காட்டும், அதனால் மூடிவிட்டுத்தான் ரிவர்ஸ் எடுக்கணும் என்று, வண்டியை எடுத்துப் போகிற மச்சானிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.