பதினேழாவது எழுத்து

கடலூர் மஞ்சக்குப்பத்திலுள்ள ஒரு துணிக்கடைக்காக, அன்றன்றைய சரக்கு இருப்பை இணைய விற்பனைச் சேவை ஒன்றின் ஏபிஐக்கு (பிற நிரல்கள் அச்சேவையுடன் பேசும் வாயில்) அனுப்பும் சிறிய பைத்தான் நிரலை எழுதினேன். சோதனைக் கணக்கைக் கொண்டு என் மடிக்கணினியில் குறையின்றி ஓடிய அந்நிரல், கடையின் கணக்குக்கு மாறியதும் ஒவ்வொரு முறையும் 401 என்ற பதிலையே பெற்றது. “பாஸ்வேர்டை மாத்திப் பாருங்க தம்பி” என்றார் கடைக்காரர். இருமுறை மாற்றினோம், கணக்கு அரைமணி நேரம் பூட்டப்பட்டதுதான் மிச்சம்.

401 என்றால், வந்திருப்பவர் யார் என்பதே சர்வருக்கு உறுதியாகவில்லை என்று பொருள். 403 என்றால், கோரிக்கை புரிந்தும் அதை ஏற்க மறுக்கிறது என்று பொருள். 401 அனுப்பும் சர்வர், தான் எதிர்பார்க்கும் அடையாளச் சரிபார்ப்பு முறையையும் ஒரு ஹெட்டரில் (செய்தியின் முன்னால் செல்லும் தகவல் வரி) சொல்லியாக வேண்டும் என்கிறது 2022இல் வெளியான ஆர்எஃப்சி 9110 என்ற இணைய விதி ஆவணம். அந்த ஹெட்டரில் என் நிரல் பயன்படுத்திய ‘பேசிக்’ முறையே இருந்ததால், முறையில் பிழையில்லை, அனுப்பிய சொல்லில்தான் பிழை என்று முடிவு செய்தேன்.

பேசிக் முறையில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இடையில் முக்காற்புள்ளியுடன் சேர்ந்து பேஸ்64 என்ற, ரகசியம் ஏதுமில்லாத மாற்றெழுத்து வடிவில் செல்கின்றன. அதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படித்துவிடலாம் (நிரலின் செயல்பாட்டுப் பதிவான லாக்கை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டு உதவி கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது). நானும் பிரித்து எண்ணினேன். பதினாறு எழுத்துக் கடவுச்சொல்லில் பதினேழாவதாக ஒரு வரிமுறிவு ஒட்டிக்கொண்டிருந்தது. கடையின் கணக்குப்பிள்ளை ஒவ்வொரு முறையும் அதை நோட்பேடில் தட்டி, பழக்கத்தில் என்டரையும் அழுத்திச் சேமித்திருக்கிறார். நேரடியாக ஹெட்டரில் வந்திருந்தால், நான் பயன்படுத்திய ரிக்வெஸ்ட்ஸ் என்ற பைத்தான் நூலகத்தின் வழியே அனுப்பும்போதே அந்த வரிமுறிவு மறுக்கப்பட்டிருக்கும். பேஸ்64க்குள் புகுந்துகொண்டதால் யார் கண்ணிலும் படவில்லை. கோப்பைப் படிக்கும் வரியில், ஓரங்களிலுள்ள வெற்றிடங்களையும் வரிமுறிவுகளையும் நீக்கும் ஸ்ட்ரிப்பைச் சேர்த்தேன்.

இதே நூலகம், கணினியில் பயனரின் வீட்டு அடைவில் (ஹோம் ஃபோல்டர்) கடவுச்சொற்களைச் சேமிக்கும் நெட்ஆர்சி கோப்பு கிடந்து அதில் அந்த சர்வரின் பெயரும் இருந்தால், நாம் ஹெட்டரில் எழுதியதை விட்டு அதிலுள்ளதை அனுப்பிவிடும். அதனிடம் ஒரு மாலைப்பொழுதை நான் பறிகொடுத்தது வேறு கதை.

திருத்திய நிரலை ஓட்டியதும் 403 வந்தது. கடைக்காரர் முகம் வாடியது. நானோ, கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டதே என்று நிம்மதியாகத் தேநீர் சொல்லச் சொன்னேன். கடையின் கணக்குக்குப் படிக்கும் அனுமதி மட்டுமே இருந்தது. எழுதும் அனுமதியை அவர் சேர்த்துவிட்டு வருவதற்குள் தேநீர் வந்துவிட்டது.